இரும்புக் கொடியும் அரைக் கிலோ பீன்ஸும்

எழிலனின் போனில் நான்கு சதவீதம்தான் சார்ஜ் மிச்சம் இருந்தது. திரையில் அவனுடைய வில்வீரன் மூன்று எதிரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். பெங்களூர் வண்டி இன்னும் பங்காரப்பேட்டையைக்கூடத் தாண்டவில்லை.

"அண்ணா, முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க. இங்க ஒருத்தன் சாகப் போறான்," என்றான் பக்கத்தில் நின்றவரிடம்.

அவர் பதறிப்போய் நகர்ந்தார். அதற்குள் போன் அணைந்துவிட்டது.

எழிலனுக்கு இருபத்தேழு வயது. வீடு கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷன் பக்கம். வேலை பெங்களூரில், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று போன் செய்கிறவர்களிடம் "ஒரு வாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்வது. அதற்காகத் தினமும் போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், பெரும்பாலும் நின்றபடியே. அந்த வண்டியிலிருந்து தப்பிக்க அவனுக்கு இப்போது ஒரே ஒரு வழி கிடைத்திருந்தது.

விளையாட்டுகளை அலசும் ஓர் இணையதளத்தில் அவனுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார்கள். இரண்டு வியூக விளையாட்டுகளை ஒப்பிட்டு வியாழக்கிழமை மாலைக்குள் கட்டுரை அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. அதுவும் வீட்டிலிருந்தே வேலை என்று ஆசிரியர் மமதா சொல்லியிருந்தார். அந்த இரண்டு சொற்களை எழிலன் ஒரு நாளைக்கு நாற்பது முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு விளையாட்டுமே சதுரங்கம்போலக் கட்டம் போட்ட போர்க்களம்தான். ஒரு முறை நாம், ஒரு முறை எதிரி. படைவீரர்களுக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு, சண்டைக்குச் சண்டை சிநேகிதம் வளரும். 'இரும்புக் கொடி'யில் செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான். 'திரும்பு காலம்' விளையாட்டில் ஒரு சண்டைக்கு மூன்று முறை நேரத்தைப் பின்னால் ஓட்டித் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். எது உசத்தி? அதுதான் கேள்வி.

விளையாட அவனுக்கு வண்டியை விட்டால் நேரமில்லை. வீட்டில் சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போதே தலை தொங்கிவிடும். வீட்டில் ஏற்றிய சார்ஜ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பவர் பேங்க் போன வாரம் உப்பிப்போய் உயிரை விட்டது. புதியது சனிக்கிழமைதான் வருமாம். அந்தப் பெட்டியில் ஒரே ஓர் இடத்தில்தான் ப்ளக் பாயின்ட் இருந்தது. அதில் எப்போதும் ஒரு சார்ஜர் சொருகியிருந்தது, அதன் ஒயர் ஒரு துணிப்பைக்குள் போனது. அந்த இடம் சரோஜம்மாவின் ராஜ்யம்.

சரோஜம்மா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவரோடு ஐடா, இன்னும் நான்கு பெண்கள். எதிரும் புதிருமான ஆறு சீட்டில் ஆறு பேரும் உட்கார்ந்து, இரவுச் சமையலுக்கான பீன்ஸைக் காலையிலேயே நறுக்கி முடித்துவிடுவார்கள்.

இலக்கை எதிரிக்குக் காட்டாதே என்பது இரும்புக் கொடியின் முதல் பாடம். எனவே எழிலன் ப்ளக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"சரோஜம்மா, இங்க ஓரமா கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு?"

"கால் வலிக்குதும்மா."

"எனக்கு அம்பத்தாறு வயசு. உனக்கு முன்னாடியே வலிக்க ஆரம்பிச்சிடுச்சி," என்றார் சரோஜம்மா, கத்தியை நிறுத்தாமல். அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

அவனுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. பெங்களூருக்குப் போகிற வண்டி மாரிக்குப்பத்தில் கிளம்பிக் கடைசியாகத்தான் கோரமண்டல் வருகிறது. அங்கே ஏறுகிற யாருக்கும் சீட்டு கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. இந்த ஆறு பேரும் கோரமண்டல்காரர்கள்தான். எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்?

புதன்கிழமை விடிவதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தான். ஆறு பேரும் எதிர்ப் பக்கம் போகிற வண்டிக்காகக் காத்திருந்தார்கள். விடை கிடைத்தது. காலி வண்டி பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குப் போகும்போதே ஆறு பேரும் எதிர்த்திசையில் ஏறிவிடுகிறார்கள். போய், அங்கேயே உட்கார்ந்திருந்து, அதே சீட்டில் திரும்பி வருகிறார்கள். எழிலனுக்கு அவர்கள்மேல் மரியாதையே வந்துவிட்டது.

அவனும் தயாராக நின்றான். இரும்புக் கொடி முறைப்படி வாசலை மறித்து, யாரையும் முந்தவிடாமல், நிதானமாக ஏறினான். உள்ளே போனால் ஆறு சீட்டிலும் ஆறு பை! ஐடா பிளாட்பாரத்தில் நின்றபடியே ஜன்னல் வழியாக எறிந்துவிட்டிருந்தார். இந்த வண்டியில் பை விழுந்தால் பட்டா எழுதின மாதிரி. போலீஸ்காரர்கூட அதைத் தொடமாட்டார்.

"நல்லா குறி பார்த்துப் போடறீங்க, ஆன்ட்டி."

"ஸ்கூல்ல த்ரோபால் கேப்டன்பா நானு," என்றார் ஐடா பெருமையோடு.

மாரிக்குப்பம் வரை ப்ளக்கையே பார்த்துக்கொண்டு நின்ற எழிலனுக்கு, கூட்டம் ஏறிய பிறகு எட்டு வரிசை தள்ளி, பாத்ரூம் பக்கத்தில்தான் சீட்டு கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் போன் அணைந்தது. பெங்களூர் வரை வாசனையோடு உட்கார்ந்திருந்தான்.

மிச்சம் வியாழன் ஒரு நாள்தான். காலத்தைப் பின்னால் ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு கட்டினான். அவர்கள் கோரமண்டலில் ஏறினால், அவன் அதற்கும் முன்னால் பங்காரப்பேட்டையில் ஏறுவான். வியாழன் விடிவதற்கு முன்பே ஷேர் ஆட்டோ பிடித்துப் பங்காரப்பேட்டைக்குப் போனான். பெங்களூருக்குப் போக வேண்டியவன், மாரிக்குப்பம் போய், மறுபடியும் பங்காரப்பேட்டை வழியாகவே பெங்களூர் போவதற்காகக் காலி வண்டியில் ஏறினான்.

ஜன்னலோரத்தில் அவன் உட்கார்ந்தான். மற்ற ஐந்து சீட்டிலும் துண்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு செருப்பு, இன்னொரு செருப்பு. சார்ஜரைத் தொடுவதற்குள் கோரமண்டல் வந்துவிட்டது.

ஆறு பெண்களும் ஏறினார்கள். பார்த்தார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி அமைதியாக நின்றார்கள். பெட்டியில் வேறு சீட்டு நிறையவே காலியாக இருந்தது, ஆனால் ஒருவரும் போகவில்லை. மாரிக்குப்பம் போய்ச் சேர்ந்ததும் கூட்டம் ஏறி அந்தச் சீட்டெல்லாம் நிறைந்தது. ஆறு பேரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

"இன்னாப்பா, உன் செருப்புக்கும் பாஸ் எடுத்துக்கினியா?" என்றார் மேல்பலகையில் படுத்திருந்த இன்பராஜ் என்பவர்.

பெட்டி மொத்தமும் சிரித்தது. எழிலனுக்குக் காது சிவந்தது. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு ஐந்து சீட்டையும் விட்டுக்கொடுத்தான். மூன்று பேர் பலகையில் அவனோடு சேர்த்து நான்கு பேர் நெருக்கினார்கள். சரோஜம்மா தன் துணிப்பையை வழக்கமான இடத்தில் தொங்கவிட்டார். ஆனாலும் ஜன்னலோரம் அவனுடையதுதான். பழைய சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன் சார்ஜரைச் சொருகினான்.

ஒன்றும் ஆகவில்லை. அழுத்திப் பார்த்தான். திருப்பிச் சொருகினான். ஊதிப் பார்த்தான்.

"இன்னா பண்றே தம்பி? என் பை வுழுந்துடுச்சி பாரு," என்றார் சரோஜம்மா.

"சார்ஜ் ஏறல."

"எப்டி ஏறும்? அதுல கரன்ட் வந்து நாலு வருசம் ஆவுது. பை மாட்டறதுக்கு ஆணி மாதிரி ஒரு கெட்டுப்போன சார்ஜரை சொருவி வச்சிக்கிறேன்."

"அப்போ ஒயர்?"

"தொங்கினு இருந்திச்சி. பைக்குள்ள தள்ளினேன். இதுக்கா மூணு நாளா எங்களோட சண்டை போட்டுனு இருந்தே? வாயைத் தொறந்து கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

எழிலனுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுரை, வேலை, வீட்டிலிருந்தே வேலை, எல்லாவற்றையும் கொட்டினான். ஐடா தன் ரசஞ்சாதத்தை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"சாப்டுப்பா. போன் இல்லன்னா இன்னா, கதையைச் சொல்லு. நாங்க தீர்ப்பு சொல்றோம்."

மடியில் செய்தித்தாளை விரித்தார்கள். பேனாவால் கட்டம் போட்டான். பீன்ஸ் ஒரு படை, பச்சை மிளகாய் எதிரிப் படை. முதலில் இரும்புக் கொடி விதிப்படி ஆடினார்கள். ஒவ்வொரு பீன்ஸுக்கும் சரோஜம்மா கம்பெனியில் தன் தையல் லைன் ஆட்களின் பெயரை வைத்தார். மஞ்சுநாத் என்ற பீன்ஸ் வெட்டுப்பட்டபோது பெட்டியே "அடடா" என்றது.

அடுத்து திரும்பு காலம். ஐடா மூன்று வாய்ப்பையும் முதல் ஐந்து நிமிடத்தில் செலவழித்துவிட்டு நாலாவது கேட்டார்.

"எனக்கு இதான் புடிச்சிருக்குது. கல்யாணத்தன்னிக்கு இந்த வசதி இருந்திருந்தா மூணையும் அன்னிக்கே யூஸ் பண்ணியிருப்பேன்."

சிரிப்பு அடங்கியதும் சரோஜம்மா மஞ்சுநாத் பீன்ஸைத் தனியாக எடுத்து வைத்தார். "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு. ஷிப்ட் முடிஞ்சி, ஆளுங்கள ஏத்தினு கேஜ் லிஃப்ட் மேல வந்தா எல்லாரும் தலைய எண்ணுவோம். குறைஞ்சா குறைஞ்சதுதான். அதனாலதான் கீழ ஒருத்தன ஒருத்தன் அப்படிப் பார்த்துப்பாங்க. திருப்பிக்கலாம்னா எவன் பார்ப்பான்? எனக்கு மொதல்ல ஆடினதுதான் உசத்தி."

ஒரு வாரமாக எழிலன் தேடிய வாக்கியம் அது. ஆபீஸ் போனதும் போனுக்கு சார்ஜ் போட்டு, மதியச் சாப்பாட்டை மறந்து, செய்தித்தாள், பீன்ஸ், மஞ்சுநாத் உட்பட ஒன்று விடாமல் எழுதினான். மாலை நான்கு மணிக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை அதிசயம் ஒன்று நடந்தது. ஐடா எறிந்த பைகள் ஏழு. ஏழாவது எழிலனுக்கு. பலகையில் நான்காவதாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அவன் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். பெட்டி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"எழிலன், மமதா பேசறேன். வேலை உங்களுக்குத்தான்! சம்பளம் இப்போ வாங்கறதைவிட ஒண்ணரை மடங்கு."

பெண்கள் கைதட்டினார்கள். இன்பராஜ் மேலிருந்து விசிலடித்தார். எழிலன் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிட்டான்.

"இனிமே இந்த வண்டியில என்னைப் பார்க்க முடியாது. சரோஜம்மா, ஏழாவது பையை வேற யாருக்காவது போட்டுடுங்க!" என்றான் கண்ணீர் மல்க. பிறகு போனில், "ரொம்ப தேங்க்ஸ் மேடம். எப்போலேர்ந்து வீட்ல உக்காரலாம்?" என்றான்.

"வீடா? இல்லப்பா, எங்க எல்லாருக்கும் புடிச்சது அந்த ஆறு அம்மாங்களோட தீர்ப்புதான். நீங்க தினமும் அதே வண்டியில, அதே சீட்டுல உக்காந்துதான் எழுதணும்!"