குழாய்க்காரருக்கு நெஞ்செரிச்சல்

யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய் அடைக்கிற நம் பிளம்பரை, கடைசியில் சொந்தக் குழாயே கைவிட்டுவிட்டது. சாப்பிட்டுப் படுத்தால் போதும், நெஞ்சில் அடுப்பு மூட்டியது போல எரிச்சல், வாயெல்லாம் புளிப்பு.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இரைப்பைக்கு மேல ஒரு வால்வு இருக்கு. உங்களுக்கு அது லூஸ். அமிலம் மேல ஏறுது. இந்த மாத்திரை அமிலம் சுரக்கிறதைக் குறைக்கும்."

பிளம்பருக்குத் தலை சுற்றியது. வழியெல்லாம் மனைவியிடம் புலம்பினார்.

"வால்வு லூஸ்னா வால்வைத்தானே மாத்தணும்? இவரு டேங்க் தண்ணியைக் குறைக்கிறாரு. நான் இப்படி வேலை பார்த்தா எவனாவது கூலி குடுப்பானா?"

"அமிலம் குறைஞ்சா எரியாதுங்க. உள்ள இருக்கிற புண்ணும் ஆறும்."

"ஒழுகுறது நிக்குமா?"

"நிக்காது. ஆனா எரியாது."

"ஒழுகும், ஆனா சரியாயிடும்! இது எந்த ஊர் நியாயம்?"

தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. மாத்திரையை விழுங்குவதில்லை என்று மனதுக்குள் சபதம் எடுத்தார். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை. தினமும் காலையில் மனைவி நீட்டுவாள். வாயில் போட்டு அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். அவள் திரும்பியதும் சமையலறைத் தொட்டியில் துப்பிக் குழாயைத் திறந்துவிடுவார். குழாய் விஷயத்தில் அவரை யார் ஜெயிப்பது?

ஒரு வாரம் கழித்து வெற்றியோடு சொன்னார். "பார்த்தியா, எரிச்சல் அப்படியே இருக்கு. மாத்திரை வேலை செய்யலை."

"வயித்துக்குள்ள போனாத்தானே வேலை செய்யும்?" மனைவி ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தாள். உள்ளே ஊறிப்போன மாத்திரைகள்.

"இது... எப்படி?"

"தொட்டிக்கு அடியில தண்ணி வெளிய போற குழாய் கழண்டு ஆறு மாசம் ஆச்சு. நாளைக்குப் பார்க்கலாம்னு நீங்க பக்கெட் வச்சீங்க. தினம் அதைக் கொட்டுறது யாரு? எத்தனை நாள்தான் இப்படித் துப்புவீங்கன்னு பார்த்தேன்."

அன்றைய மாத்திரையை அவள் கண்முன்னே விழுங்கிவிட்டுத் தட்டை இழுத்தார். தட்டு எதிர்ப்பக்கம் போனது.

"போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரே." கையில் ஸ்பேனர் வந்து விழுந்தது. "சும்மா உட்கார்ந்தா பசிக்கும். அந்தக் குழாயை மாட்டுங்க."

மாட்டினார். மறுநாள் காலை மாத்திரை போட்ட அரை மணியில் குளியலறைக் குழாய். அதற்கு மறுநாள் மாடித் தொட்டி. வீட்டில் ஒழுகல் நிற்க நிற்க, நெஞ்சில் எரிச்சலும் அடங்கிவிட்டது. வால்வு அதே லூஸ் வால்வுதான். எப்படி அடங்கியது என்று அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

"ஏம்மா, அதான் எரியலையே, மாத்திரையை நிறுத்திடலாமா?"

"நாமளா நிறுத்தக் கூடாதுங்க, டாக்டர் ரெண்டு மாசம் சொல்லியிருக்காரு. ஆனா நம்ம வீட்டுல குழாய் வேலை முடிஞ்சு போச்சு. நாளையிலேருந்து எங்கம்மா வீட்டுல போய்ப் போட்டுக்குங்க."