முப்பத்தேழாம் நம்பர் கால்

ஷூ மறுபடியும் லூசாக இருந்தது. கமலவேணி எழுந்து நான்கு எட்டு வைத்தாள். குதிகால் தனியாகவும் ஷூ தனியாகவும் நடந்தன.

சாம்பிள் மாஸ்டர் அப்துல் ஹமீத் தலையைச் சொறிந்தார். அந்த ஆம்பூர் கம்பெனி எழுபத்தெட்டில் ஜெர்மனிக்குப் பெண்கள் ஷூ அனுப்ப ஆரம்பித்ததிலிருந்து, முப்பத்தேழாம் நம்பர் எதுவானாலும் இவள் காலில் போட்டுப் பார்த்த பிறகுதான் கப்பலேறும். ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட இப்படி ஆனதில்லை.

"பேட்டர்ன்லதான் தப்பு. ரெண்டு மில்லிமீட்டர் கம்மி பண்றேன்," என்றார்.

தப்பு பேட்டர்னில் இல்லை. சித்தி மகள் கல்யாணப் போட்டோவில் கமலவேணி இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். ஆல்பம் பார்த்த நாத்தனார் பங்கஜம், உன்னை உள்ளே அடக்குவதற்குள் போட்டோக்காரன் பேஜாராகியிருப்பான் என்று சிரித்தாள். அன்றே கமலவேணி சோற்றை விட்டாள். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் மோர், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ரவிக்கை தொளதொளத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. காலும் சேர்ந்து வற்றும் என்று யார் கண்டார்கள்?

உண்மையைச் சொல்லப் பயம். இந்த வேலை போனால் மறுபடி பேஸ்டிங் செக்‌ஷன். தோல் ஒட்டும் சொல்யூஷன் நாற்றத்தில் சாயங்காலம்வரை மண்டை வெடிக்கும்.

மாஸ்டர் குறைத்தார். ஒரு வாரத்தில் அதுவும் ஆடியது. இன்னும் இரண்டு மில்லி குறைத்தார். மூன்றாம் தடவை கமலவேணி உஷாராகி, ஷூவின் முனையில் ரகசியமாகப் பஞ்சை அடைத்துக்கொண்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மாஸ்டருக்கு உயிர் வந்தது. அதே அளவில் ஐம்பது ஜோடி கப்பலேறின.

மறுநாள் அவள் சாம்பிள் ரூமிலேயே சுருண்டு விழுந்தாள். கம்பெனி நர்ஸ் மரியம்மாள் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"நாள் பூரா உழைக்கிற உடம்பும்மா இது. போட்டோவ பாத்து அதுக்கு மார்க் போடாதே. வயிறார சாப்டு, நல்லா தூங்கு, சாயங்காலம் கொஞ்சம் நட. அப்பால எப்டி இருக்குதோ அதான் உன் அளவு."

கமலவேணி கேட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்றபோது அவளை அவளுக்கே பிடித்திருந்தது. கால் மட்டும் பழையபடி ஆகி, புது ஷூவுக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது.

மாஸ்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜெர்மனியிலிருந்து ஒரு வார்த்தை குறை வந்தாலும் பேஸ்டிங்தான் என்று சொல்லிவிட்டார்.

குறை வந்தது. ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணராஜ் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கமலவேணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். விவரம் எதுவும் தெரியாத கிருஷ்ணராஜ் நிதானமாகத் தமிழில் சொன்னார்:

"அம்பது ஜோடியும் அங்க யாருக்கும் நுழையலையாம் மாஸ்டர். இந்தப் புது ஒல்லிக் கால்காரிய நிறுத்திட்டு, முன்ன இருந்த அம்மாவையே திரும்பக் கூப்பிடணும்னு எழுதியிருக்காங்க."