மாயமான மாப்பிள்ளை

மாப்பிள்ளையைக் கப்பலோடு மூழ்கடித்திருக்கக் கூடாது என்று ஹாஷிமுக்கு உறைத்தபோது, ஆஸியா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி அழ வெக்கிற புத்தகம் நம்மட புள்ளைகளுக்கு என்னத்துக்கு, மகன்? ஹாஜியார் செல்றது சரிதான்."

ஒரு வோட்டுப் போயிற்று.

ஹாஷிம் கண்டி, கட்டுக்கலையில் குடைக்கடை வைத்திருந்தவன். பாடசாலைச் சங்கத் தலைவர் தெரிவில் அவன் மனைவி ரபீகாவின் அண்ணன் தாஸிம், சாஹுல் ஹமீது ஹாஜியாரை எதிர்த்து நின்றார். 'மாயமான மாப்பிள்ளை' என்ற நாவலைப் பாடசாலைப் புத்தக அலுமாரியில் வைக்கக் கூடாது என்பது ஹாஜியாரின் கட்சி.

"என்ட கண்ணால வாசிச்சேன். பக்கத்துக்குப் பக்கம் விஷம்!" என்றார் ஹாஜியார்.

"நான் ரெண்டு தரம் வாசிச்சேன். அத்தனையும் தேன்!" என்றார் தாஸிம்.

ஹாஜியார் வென்றால் அடுத்தபடியாகப் பெண்பிள்ளைகளுக்கு அலுமாரியே கிடையாது என்று பேச்சு அடிபட்டது. மகள் ஹிதாயா அங்கிருந்து கொண்டுவரும் கதைப்புத்தகங்களில்தான் ரபீகாவின் பொழுதே போனது.

"எங்கட நானா தோத்தா இந்த வீட்டில அடுப்பு எரியாது" என்று கணவனை வீடு வீடாக அனுப்பிவைத்தாள்.

போன இடத்திலெல்லாம் கதை என்னவென்று கேட்டார்கள். ஹாஷிம் அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வெட்கம்; வாய்க்கு வந்ததைக் கதையாகக் கட்டினான். ஆஸியா உம்மா வீட்டில் கப்பல் மூழ்கியது அப்படித்தான்.

அடுத்த வீட்டில் உம்மு குல்சும். இம்முறை ஹாஷிம் மாப்பிள்ளையை உயிரோடு கரையேற்றினான்.

"பத்து வருஷத்துக்குப் பொறகு பெட்டி நிறையப் பட்டோட திரும்பி வாறான், தங்கச்சி!"

"அவ்வளவு நாளும் எங்க ஈந்தான்?"

"சிங்கப்பூர்ல... யாவாரம்."

உம்மு குல்சுமின் முகம் மாறியது. அவள் கணவன் மாதாமாதம் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போகிறவன்.

மறுநாள் காலை அந்தக் கணவன் குடைக்கடைக்குள் பாய்ந்தான்.

"என்னத்த செல்லி வெச்சீங்க, ஹாஷிம் நானா? கொழும்பில எத்தின பொஞ்சாதிண்டு கேக்குறாள்!"

"சிங்கப்பூருமில்ல, கொழும்புமில்ல" என்று ஹாஷிம் பதறினான். "அவன் ஊரை விட்டே போகல்ல. வீட்டுப் பரணுக்கு மேலதான் ஒளிஞ்சிருந்தான்!"

ஒரு கலியாண வீட்டில் மூன்று கதையும் சந்தித்துக்கொண்டன. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பிரியாணிச் சஹனைச் சுற்றிச் சண்டை மூண்டது. ஒருத்தி மவுத்தானவனை அடக்கம் செய்தாள். இன்னொருத்தி அவனைச் சிங்கப்பூரிலிருந்து இறக்கினாள். மூன்றாமவள் பரணில் ஏணி சாத்தினாள். வார முடிவில் சண்டை பஸ் ஏறித் தெல்தெனியவுக்கே போய்விட்டது.

ஆஸியா உம்மா கடைக்கு வந்து நின்றாள்.

"உசிரோட ஈக்கிறவனுக்கு என்னை ஏன் அழ வெச்ச, மகன்? உண்மையில அவன் எங்க?"

ஹாஷிமுக்கு நாலாவது பொய் வரவில்லை.

"ஹாஜியார் வெண்டா அது ஒருத்தருக்கும் தெரிய வராது, மாமி. தாஸிம் மச்சான் வெண்டா ஹிதாயா வந்து உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாள்."

அந்த வாரம் முழுவதும் அவன் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

தெரிவன்று மண்டபத்தின் நடுவே திரை கட்டி, பெண்களை மறுபக்கம் இருத்தினார்கள். தாஸிமின் பேரைச் சொன்னதும் திரைக்கு மேலே வளையல் கைகள் காடாக எழும்பின.

"ஆளுக்கு எத்தின கை?" என்று கத்தினார் ஹாஜியார்.

இரண்டாந்தரம் எண்ணியபோது இன்னும் கூடியது. தாஸிம் வென்றார். ஹாஷிம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துச் சிரித்தான். ரபீகாவின் அடுப்பு எரியும்.

ஆனால் ஒருவரும் கலையவில்லை.

"மாப்பிள்ளை எங்க? இப்பவே வாசிங்க!" என்றது திரை.

ஹாஜியாரும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தோத்தது தோத்ததுதான். முடிவக் கேட்டுட்டே போறேன்."

"நீங்கதான் வாசிச்சீங்களே, ஹாஜியார்?" என்றார் ஒருவர்.

"அது... மறந்து போச்சு."

தாஸிமின் நெற்றியில் ஏனோ வியர்வை அரும்பியது. அவர் பாடசாலைப் பியோன் மனுவேலைக் கூப்பிட்டார்.

"அலுமாரியத் தொறந்து அந்தப் புத்தகத்தக் கொண்டு வாங்க."

மனுவேல் தலையைச் சொறிந்தான்.

"எந்தப் புத்தகங்க ஐயா? மெட்ராஸ்லேருந்து வர்ற பார்சல் இன்னும் கண்டி ஸ்டேஷனுக்கே வந்து சேரலீங்களே!"