பேசாத பிரிண்டர்

"வேலை முடிந்தது" என்று கம்ப்யூட்டர் காட்டியது. பிரிண்டரோ, அப்படி ஒரு வேலை தன்னிடம் வரவே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

சேசுராஜ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியாத வாத்தியார் மாதிரி இருந்தது அவருக்கு.

"என்ன, இன்னும் வரலையா?" அடுப்படியிலிருந்து லூர்து மேரி கேட்டாள்.

"வந்துட்டே இருக்கு."

"காலையில இருந்து வந்துட்டே இருக்கு. அம்பர்நாத்துல ரயில் ஏறின ஆளு இந்நேரம் வீட்டுக்கே வந்து காப்பி குடிச்சிருப்பான்."

அன்று வேளாங்கண்ணி மாதா திருவிழா. மாலையில் தமிழ்த் திருப்பலி. வருஷா வருஷம் பாட்டுத் தாள் அடித்துக் கொடுப்பது சேசுராஜின் பொறுப்பு. இந்த வருஷம் பாடகர் குழுவுக்குப் புதிதாகத் தலைமை ஏற்ற ஜாக்குலின், "எதுக்கு அங்கிள் பேப்பர்? ஸ்கிரீன்ல போட்டுருவோம்" என்று கேட்டாள்.

ஸ்கிரீனில் தமிழ்ப் பாட்டு இங்கிலீஷ் எழுத்தில் ஓடும். தாராவியில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. ஆனால் பாண்டுப்பிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயில் மாறி வருகிற பழைய ஆட்களுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். வருஷத்தில் ஒரு நாள் வாய்விட்டுப் பாட வருகிறவர்கள், சும்மா நின்றுவிட்டுத் திரும்பிப் போவதா?

"நாலு மணிக்குள்ள வந்தா தாள். இல்லன்னா ஸ்கிரீன்" என்று ஜாக்குலின் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

சிக்கல் சின்னதாகத்தான் தொடங்கியது. முதல் தாள் பாதியில் நின்றது. சேசுராஜ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தார். பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழப்பம் வராதா என்று நினைத்து ஒன்றை அழித்தார். அதன் பிறகு பாதித் தாளும் வரவில்லை.

அது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். பின் சந்தில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கும் நஜிமுதீன் போட்டுக் கொடுத்தது. "இதுக்குக் காசும் கிடையாது, வைரசும் கிடையாது வே" என்று சொல்லிப் போட்டார். எதைத் தொட்டாலும் அது பாஸ்வேர்ட் கேட்கும். அதையும் வைத்தவர் அவர்தான். 'நஜிமுசேசு.'

பக்ரீத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு கிடையாது. அன்றைக்கு நஜிமுதீனின் மனைவி சைனப் கொடுத்தனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, சந்தில் நாலு பேர் கேட்க, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டார் சேசுராஜ். "உமக்கு நாக்கு செத்துப் போச்சு வே" என்றார் நஜிமுதீன். அவ்வளவுதான். ஒரே வைஃபையைத்தான் இரண்டு வீடும் பங்கு போட்டிருந்தன. அதை நிறுத்த நஜிமுதீனுக்கும் மனம் வரவில்லை; தனியாக ஒன்று வாங்க சேசுராஜுக்கும் மனம் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை அடிக்க வேண்டியிருந்தது. திரையில் புள்ளிகள் மட்டும் தெரிந்தது ஓர் ஆறுதல்.

"பாய்ட்ட ஒரு வார்த்த கேட்டா வந்து சரி பண்ணிட்டுப் போயிருவாவ" என்றாள் லூர்து மேரி.

"நான் போக மாட்டேன்."

"உப்பு கம்மின்னு சொன்னது நீங்க."

"நாக்கு செத்துப் போச்சுன்னு சொன்னது அவரு."

கல்யாணில் இருக்கும் மகன் சுஜினுக்குப் போன் போட்டார்.

"டாடி, அந்த சிஸ்டம் என் கல்யாணத்துக்கு முன்னால உள்ளது. ஃபேங்க் தோ, தூக்கிப் போடுங்க அதை!"

"உன் கல்யாணத்துக்கு முன்னால உள்ளவதாம்ல உங்கம்மையும்."

அடுப்படியில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

"அச்சா, அச்சா. ஃபைல் கராப் ஆகிக் கெட்டுப் போயிருக்கும் டாடி. வேற எதையாவது டைப் பண்ணி அடிச்சுப் பாருங்க. குச் பி."

சேசுராஜ் 'சோதனை' என்று தட்டினார். வேலை முடிந்தது. தாள் வரவில்லை.

'பேசு' என்று தட்டினார். வேலை முடிந்தது. தாள் வரவில்லை.

'நஜிமுதீன் திமிர் பிடித்த ஆள்' என்று தட்டினார். வேலை முடிந்தது. தாள் வரவில்லை. ஆனால் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

பிரிண்டரின் மூடியைத் திறந்து கையை விட்டார். மை விரலுக்கு வந்தது, விரலிலிருந்து மூக்குக்கு வந்தது, தாளுக்கு மட்டும் வரவில்லை.

லூர்து மேரி அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாள். "காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தருவாரு."

"தாள் காணாமப் போகல மேரி. பொறக்கவே இல்ல."

அவர் மறுபடியும் தட்டத் தொடங்கினார். வராத தாளில் என்ன எழுதினால் என்ன?

'லாமிங்டன் ரோட்டில் ஒரே மாதிரி இரண்டு பிரிண்டர் வாங்கினோம். உமக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கிராண்ட் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினோம். பெட்டியில் என்ன, டீவியா என்று ஒருவன் கேட்டான். இல்லை பாய், ரெட்டைப் பிள்ளை என்றீர். மாகிம் வரைக்கும் அந்தப் பெட்டி சிரித்தது.'

பெட்டி என்று அவர் சொன்னது ரயில் பெட்டியை. வேலை முடிந்தது.

'என் மனைவி சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தது உம் வீட்டம்மா. அதில் உப்பு இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.' வேலை முடிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். மை கண்ணோரத்துக்கும் போனது.

'பக்ரீத்து அன்றைக்குக் காலையில் பல் டாக்டர் ஊசி போட்டிருந்தார். நாக்கு மரத்துக் கிடந்தது. பிரியாணியில் உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்.' வேலை முடிந்தது.

மணி நாலை நெருங்கியது. கடைசி முயற்சியாகப் பாட்டுத் தாளையே திறந்து, நூறு பிரதி என்று போட்டு அழுத்தினார். 'அச்சாகிறது' என்று வெகுநேரம் காட்டியது. பிறகு, 'தாள் தீர்ந்துவிட்டது' என்றது.

"தட்டு நிறையத் தாள் இருக்கு! கண்ணு முன்னாலயே பொய் சொல்லுது பாரு!"

கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மனம் மாறி, மறுபடி 'அச்சாகிறது' என்றது. பின்பு வழக்கம்போல 'வேலை முடிந்தது' என்றது.

சேசுராஜ் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தார். சட்டையை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"பாய் வீட்டுக்கு."

லூர்து மேரி மெழுகுதிரியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். யாரோ முகம் தெரியாத பாண்டுப்பு ஆளுகளும் கல்யாண் ஆளுகளும் பாடுவதற்காக, ஒரு மனுஷன் தன் வீம்பை வாசலில் கழற்றி வைத்தால் அதில் ஒரு குறைவும் இல்லை என்று சேசுராஜ் தனக்குள் சொல்லிக்கொண்டார். என்ன பேச வேண்டும் என்றும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வாசலில் சைனப் நின்றாள். இடுப்பில் ஒரு கட்டு, முந்தானையால் மூடியிருந்தது.

"சைனப்பு... பாய் இருக்காவளா? நான் அங்கதான்... ஒரு விஷயம் சொல்லணும்..." ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போனது.

சைனப் அவருடைய மூக்கையும் கண்ணையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டை அவர் கையில் வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"பாட்டுத் தாளு நூறும் இருக்கு அண்ணே, நடுவுல தாளு தீந்து அவுகதான் ஓடிப் போயி வாங்கியாந்தாவ, காலையில இருந்து எங்க பிரிண்டர்ல வந்ததுல திமிரு பிடிச்ச ஆளுன்னு உள்ளத அவுக பட்டறைச் சுவத்துல ஒட்டிக்கிட்டாவ, உப்பு சரின்னு உள்ளத நான் எடுத்துக்கிட்டேன்."