மோட்டார் போட அனுமதி இல்லை

ஆடி பதினெட்டு காலையில, தலை நிறைய சீயக்காயோட பாத்ரூம்ல நின்னுக்கிட்டே கோபாலகிருஷ்ணன் சார் போன் பண்ணார்.

"சுபாஷ், மோட்டார் போட எனக்கு அனுமதி இல்லைன்னு உன் ஆப் சொல்லுது. நான் யாருப்பா இந்த நகருக்கு?"

"தலைவர் சார்."

"உனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே."

நகர் தண்ணி மோட்டாரைப் போன்லயே போடுற அந்த ஆப்பை எழுதினவன் சுபாஷ். கோபாலகிருஷ்ணன் சார் தாமரை நகர் சங்கத் தலைவரா மட்டும் இருந்திருந்தா சமாளிச்சிருப்பான். அவர் சண்முகப்ரியாவோட அப்பாவாவும் இருந்து தொலைச்சார்.

பொண்ணு கேட்டுப் போனப்ப காப்பியெல்லாம் குடுத்து நல்லாத்தான் பேசினார். "பையன் தங்கமான பையன். வேலைதான் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆகட்டும், பார்ப்போம்." முப்பத்தஞ்சு வருஷமா நிலக்கரி மைன்ஸ்ல பெர்மனென்ட் அவர். அவரைப் பொறுத்தவரைக்கும் உலகத்துல ரெண்டே வகை மனுஷங்க. ரெண்டாவது வகையில பொண்ணு குடுக்க மாட்டார்.

சுபாஷுக்கு வேலை பண்ருட்டியில, முந்திரிக் கடைக்கு மாடியில இருக்குற ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கான்ட்ராக்ட் ரினியூவல். முதலாளி விஜயராஜ் தெளிவா சொல்லிட்டார். "தாமரை நகர் ஆப் ஒழுங்கா ஓடட்டும். மத்த நகர்காரங்களைக் கூட்டியாந்து காட்டுவோம். அவங்க வாங்கினா அன்னிக்கே உனக்கு பெர்மனென்ட் ஆர்டர்."

அந்த ஆப் ஆரம்பிச்சப்ப நாப்பதே வீடு. மோட்டார் ஒண்ணு, பாஸ்வேர்ட் ஒண்ணு. அப்புறம் நகர் வளர்ந்துச்சு, நானூறு வீடாச்சு. குப்பை வண்டி, தெரு லைட்டு, கல்யாண மண்டபம்னு எல்லாம் ஆப்புக்குள்ள வந்துச்சு. ஆளாளுக்கு மோட்டாரைப் போட்டு, டேங்க் வழிஞ்சு, பிள்ளையார் கோயில்ல பிள்ளையார் இடுப்பளவு தண்ணியில நின்னார். அதனால சுபாஷ் எல்லார் கையிலயும் இருந்து அனுமதியைப் பிடுங்கி, மோட்டார் பார்க்குற ராயப்பன் ஒருத்தர்கிட்ட மட்டும் குடுத்தான்.

"ராயப்பனா?" கோபாலகிருஷ்ணன் சார் சீயக்காயை வழிச்சுக்கிட்டே கேட்டார். "அவன் கான்ட்ராக்ட் பிளம்பர்ப்பா. கமிட்டியில அஞ்சு பேரு பெர்மனென்ட் ஆளுங்க இருக்கோம். எங்க தலைக்கு மேல அவனா?"

சுபாஷ் சண்முகப்ரியாவுக்கு போன் பண்ணான். அவ ஒரு தனியார் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். எந்தக் குழப்பத்துக்கும் கைவசம் ஒரு ஐடியா வச்சிருப்பா.

"அஞ்சு பேரையும் அட்மின் ஆக்கிடு. ராயப்பன் அண்ணனைத் தூக்கிடாத, பாவம். கடைசியா ஒரு ஓரத்துல வச்சுக்க."

ஆக்கினான். மறுநாள் தலைவர் மோட்டாரைப் போட்டார். கரண்டு பில்லு ஏறுதுன்னு செயலாளர் சடையப்பன் நிறுத்தினார். பொருளாளர் போட்டார். தலைவர் போட்டதை இவன் என்ன போடுறதுன்னு தலைவரே நிறுத்தினார். ஒரு மணி நேரத்துல இருபத்தாறு தடவை. மோட்டார் காயில் கருகி நாத்தம் பக்கத்து ஊர் வடக்குத்து வரைக்கும் அடிச்சுது.

"நீ சொன்னதைக் கேட்டேன். மோட்டாரே போச்சு, பிரியா."

"அப்ப சீனியாரிட்டி வை. மேல இருக்குறவர் ஒத்துக்கிட்டாதான் கீழ இருக்குறவர் போடலாம். அப்பாவுக்குப் பிடிக்கும்."

பிடிச்சுது. ஆனா யார் சீனியர்? தாமரை நகர்ங்கிறதே ஒரே நாள்ல மைன்ஸ்ல சேர்ந்த ஒரே பேட்ச் ஆளுங்க கூடி வாங்கின மனை. சேர்ந்த தேதி எல்லாருக்கும் ஒண்ணு. சரி, பிறந்த தேதியைப் பார்ப்போம்னு சுபாஷ் ஆதார் கார்டை வாங்கினா, அஞ்சு பேருக்கும் ஜூன் ஒண்ணு. வருஷமும் ஒண்ணு.

"இது எப்படி சார்?"

"எங்க காலத்துல ஏதுப்பா பர்த் சர்ட்டிபிகேட்? தலையைச் சுத்திக் காதைத் தொட்டா ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்க. வாத்தியார் அவரே ஜூன் ஒண்ணுன்னு எழுதிக்குவார்."

சடையப்பன் சிரிச்சார். "நெசத்துல நான் இவனைவிட ரெண்டு வயசு பெரியவன். இவன் நடக்கப் பழகுறப்பவே நான் மாடு மேய்ச்சுக்கினு இருந்தேன்."

"மேய்ச்சதுக்கு சர்ட்டிபிகேட் இருக்கா?" கோபாலகிருஷ்ணன் சார் மடக்கினார்.

கடைசியில எம்ப்ளாயி நம்பரை வச்சு வரிசை போட்டான். தலைவர் உச்சியில, ராயப்பன் அடியில, ஆறு படி. மெம்பருங்க விவரத்தையெல்லாம் சண்முகப்ரியாவே உக்காந்து டைப் பண்ணிக் குடுத்தா.

இப்ப மோட்டார் போடணும்னா ராயப்பன் கேக்கணும், அது ஒவ்வொரு படியா மேல ஏறணும். சடையப்பன் நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கினா அவர் படியிலயே அதுவும் தூங்கும். காலையில கேட்ட தண்ணி சாயங்காலம் வந்துச்சு. ஜனங்க பல்லு விளக்கிட்டு அப்படியே விளக்கு வச்சாங்க. தலைவர் போன்ல மட்டும் ஒத்துக்க வேண்டியது நூத்திப் பன்னெண்டு கிடந்துச்சு. அதுல அடுத்த வருஷ ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் கேட்டு ஒண்ணு. யார் கேட்டாங்கன்னுகூட அவர் பார்க்கல.

"ஆபீஸ்ல ஒருத்தர் லீவுன்னா அடுத்தவர் இன்சார்ஜ் பார்ப்பாருல்ல? அதை வை," சண்முகப்ரியா சொன்னா. "அவரும் இல்லைன்னா அடுத்தவர். கடைசிப் படி வரைக்கும் இறங்கணும் சுபாஷ். பாதியில நிறுத்திடாத."

வச்சான். தை மாசம் கமிட்டி அஞ்சு பேரும் ஒரு காதுகுத்துக்காகக் காடாம்புலியூர் போனாங்க. பந்தியில கைக்கு வேலை, போனைத் தொடல. இன்சார்ஜ் ஒவ்வொரு படியா இறங்கி ராயப்பன்கிட்ட வந்து நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் அவர்தான் தாமரை நகர் தலைவர். அவர் மோட்டாரைப் போட்டார், டேங்க் நிறைஞ்சதும் நிறுத்தினார். அந்த வருஷத்துலயே அன்னிக்குத்தான் எல்லா வீட்லயும் ஒழுங்கா தண்ணி வந்துச்சு.

இலையில பாயசம் இருக்கும்போதே கோபாலகிருஷ்ணன் சாருக்குச் சேதி போயிடுச்சு.

"கான்ட்ராக்ட் ஆள் இஷ்டத்துக்குப் போட்டு இஷ்டத்துக்கு ரத்து பண்றதா? எழுதிக்கப்பா. மோட்டாரைப் போடுறது நிறுத்துறது மட்டும் போனா போகுது. மத்தபடி அவன் ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டா, அதை ரத்து பண்ற அதிகாரம் பெர்மனென்ட் ஆளுக்குத்தான். அப்புறம், உன் கையில ஒரு சாவி இருக்காமே, எல்லாத்தையும் மாத்துற சாவி?"

"அது வேலை பார்க்கிறதுக்கு சார்..."

"நீயும் கான்ட்ராக்ட்தானே? இனிமே நான் அனுமதி குடுத்தா நீ உள்ள போ. இல்லைன்னா வெளிய நில்லு."

தான் கட்டின வீட்டுக்குத் தானே வாசல்ல நின்னு காலிங் பெல் அடிக்கிற நிலைமை. சுபாஷ் சண்முகப்ரியாகிட்ட அழாத குறையா சொன்னான். அவ, "குடுத்துடு. அப்பா மனசு குளிரட்டும்"ன்னா. நம்ம பக்கம் பேசுறாளா அவங்கப்பா பக்கம் பேசுறாளான்னு அவனுக்கே சந்தேகம் வந்துச்சு.

மாசியில இன்னொரு தலைவலி. பழைய தலைவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சு. ஆனாலும் கௌரவத் தலைவர்னு ஏழாவது படி கேட்டு, அதுவும் உச்சியில கேட்டு, தினம் வந்து சங்க ஆபீஸ்ல உக்காந்தார்.

"நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு விடாத ஜென்மம்," கோபாலகிருஷ்ணன் சார் பல்லைக் கடிச்சார். "கம்பெனி சட்டத்தையே போடுப்பா. அறுபது முடியுற மாசக் கடைசியோட அவனவன் அனுமதி தானா போயிடணும். யாரும் கேக்கக்கூடாது, யாரும் மாத்தக்கூடாது."

"மாத்தவே முடியாத மாதிரி பண்ணு," சண்முகப்ரியாவும் போன்ல சொன்னா.

பண்ணான். பழைய தலைவர் போன்ல எல்லாம் மறைஞ்சு போய், குப்பை வண்டி வர்ற நேரம் மட்டும் தெரிஞ்சுது. கோபாலகிருஷ்ணன் சார் முதல் தடவையா சுபாஷ் தோள்ல தட்டினார். தான் போடுற சட்டம் தனக்கும் சேர்த்துதான்னு சட்டம் போடுறவங்களுக்கு என்னிக்கு ஞாபகம் வந்திருக்கு?

சித்திரையில விஜயராஜ், "மத்த நகர்காரங்களை என்னிக்கு வரச் சொல்லலாம்?"னு கேட்டார். சுபாஷ் வழக்கம்போல சண்முகப்ரியாவைக் கேட்டான்.

"ஜூன் ஒண்ணுன்னு சொல்லு. அன்னிக்கு அப்பா வீட்லதான் இருப்பார்."

ஜூன் ஒண்ணு பிறந்தவங்களுக்கு மே முப்பத்தொண்ணோட அறுபது முடிஞ்சுது. அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே ரிட்டயர்மென்ட் விழா. சால்வை, மாலை, கைக்கடிகாரம். பூ சுத்தின கார்ல ஊர்வலமா வந்து இறங்கினாங்க.

மறுநாள் காலையில மோட்டார் ரூம் வாசல்ல ஷாமியானா. வடக்குத்துப் பக்கம் பதினோரு நகர்ல இருந்து சங்கக்காரங்க வந்து உக்காந்திருந்தாங்க. விஜயராஜ் முந்திரி பாக்கெட் குடுத்துக்கிட்டிருந்தார். சுபாஷ் பிள்ளையாரை வேண்டிக்கிட்டான். இன்னிக்கு ஒரு நாள். இது ஒண்ணு ஒழுங்கா நடந்துட்டா போதும்.

கோபாலகிருஷ்ணன் சார் நேத்துப் போட்ட சால்வையோட எழுந்து, போனை எல்லாருக்கும் தெரியுற மாதிரி தூக்கிப் பிடிச்சு அமுக்கினார்.

'தங்கள் பணிக்காலம் நிறைவடைந்தது. சங்கம் நன்றி கூறுகிறது.'

அவர் கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் நன்றி கூறுச்சு.

"சடையப்பா, நீ போடு."

சடையப்பனுக்கும் நன்றி. பொருளாளருக்கும் நன்றி. அஞ்சு பேரும் போனைப் பிடிச்சுக்கிட்டு நன்றியில நனைஞ்சு நின்னாங்க. தண்ணியிலதான் நனையல.

"சுபாஷ், உள்ள போய் சரி பண்ணு."

"நீங்க அனுமதி குடுத்தாதான் சார் நான் உள்ள போக முடியும்."

"குடுத்தேன் போ."

"வாயால குடுத்தா அது கேக்காது சார்."

விஜயராஜ் மூஞ்சி சுண்டிப்போச்சு. ஒரு நகர்காரர் முந்திரியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு எழுந்தார். அப்பதான் ராயப்பன் டிவிஎஸ்ல வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், சட்டைப் பையில இருந்து போனை எடுத்தார், அமுக்கினார். மோட்டார் உறுமிச்சு. எழுந்தவர் உக்காந்துட்டார்.

"பாருங்க," விஜயராஜ் சட்டுனு மைக்கைப் பிடிச்சார். "அஞ்சு பேரு இல்லைன்னாலும் நிக்காது நம்ம ஆப்பு." கை தட்டினாங்க.

கோபாலகிருஷ்ணன் சார் ராயப்பன் போனை எட்டிப் பார்த்தார். 'தலைவர், இன்சார்ஜ்'னு போட்டிருந்துச்சு.

"நீ மட்டும் எப்படிடா மிச்சம்?"

"பெர்மனென்ட் ஆளுங்கதானே சார் ரிட்டயர் ஆவாங்க? நாங்க கான்ட்ராக்ட். எங்களுக்கு ஏது ரிட்டயர்மென்ட்டு?"

பேசிக்கிட்டே ராயப்பன் போன்ல இன்னொண்ணையும் அமுக்கினார். ஷாமியானாவுல இருந்த தாமரை நகர் போன் அத்தனையும் ஒரே நேரத்துல டிங்குன்னுச்சு. சடையப்பன் சத்தமா படிச்சார்.

"'ஆவணி முதல் முகூர்த்தம். மண்டபம் அனுமதிக்கப்பட்டது. மணமக்கள்: கோ. சண்முகப்ரியா, சுபாஷ்.' அடப்பாவி கோபாலு, ஒரு வார்த்தை சொல்லலையே."

ஜனங்க வந்து கையைப் பிடிச்சுக் குலுக்க ஆரம்பிச்சுட்டாங்க. சுபாஷுக்கு ஒண்ணும் புரியல. மண்டபம் கேட்டு அவன் எழுதவே இல்ல.

"ராயப்பா," கோபாலகிருஷ்ணன் சார் பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டே, உதடு அசையாம சொன்னார். "ரத்து பண்ணு."

"எனக்கு எங்க சார் அதிகாரம்? பெர்மனென்ட் ஆள்தான் பண்ணணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

கோபாலகிருஷ்ணன் சார் மெதுவா திரும்பி வீட்டைப் பார்த்தார். மாடியில சண்முகப்ரியா தலை துவட்டிக்கிட்டு நின்னா. தண்ணி வந்துடுச்சு போல.

ராயப்பன் போனைப் பையில போட்டுக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நானும் போன ஆடியில இருந்து கல்யாணம் எப்பன்னு கேட்டுக்கினுதான் சார் இருக்கேன், ஜூன் ஒண்ணு வரட்டும்ணே, ஜூன் ஒண்ணு வரட்டும்ணேன்னு பிரியா பாப்பா சொல்லிக்கினே இருந்துச்சு."