வருஷம் சொல்பவர்

வருஷம் சொல்பவரை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் இந்த இனம் இரண்டு வகையாகக் கிடைக்கிறது: குடியரசுக் கட்சி வகை, ஜனநாயகக் கட்சி வகை. மற்றபடி ஒரே தொந்தி, ஒரே ரக பிக்கப் வண்டி.

இவரிடம் இன்றைய சங்கதி எதையும் பேச முடியாது. பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பையனைப் போலீஸ் இந்த மாதம் மூன்றாவது முறையாக மறித்திருக்கிறது என்று விருந்தில் யாராவது சொன்னால், வகை ஒன்றான ஹார்லன் ஸ்டபிள்ஃபீல்டு கையிலிருக்கும் விலா எலும்பைத் தட்டில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, "அடிமைகளை விடுவிச்ச அதிபர் எந்தக் கட்சி, சொல்லுங்க பார்ப்போம்" என்பார். வகை இரண்டான வெண்டல் க்ராப்ட்ரீ அதற்காகவே காத்திருப்பார். "தெற்கத்தி வெள்ளைக்காரன் எல்லாம் அறுபத்தி நாலுக்கு அப்புறம் எந்தக் கட்சிக்கு மூட்டை கட்டினான்? அதையும் சொல்லுய்யா." கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தந்த 1964 சட்டத்துக்கு எந்தக் கட்சியில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற விவரம் இருவர் பர்ஸிலும் பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் மனைவியின் படம் இருந்தது.

பையன்? அவனை யார் கேட்டார்கள்?

போன வசந்தத்தில், கிழக்குப் பகுதி தேவாலயத்தின் கீழ்த்தளத்திலிருந்த வாக்குச்சாவடியை மூடிவிடலாம் என்று தேர்தல் வாரியம் யோசித்தது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். அடுத்த சாவடி பதினான்கு மைல், பஸ் கிடையாது. எண்பத்தொரு வயது மிஸ் எர்னஸ்டீன் பெட்வேயிடம் கார் கிடையாது. எடுத்துச் சொல்லலாமென்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

கூட்டத்தின் விதி எளியது. மக்களுக்கு அரை மணி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் உட்கார வேண்டும். வேண்டுமானால் தன் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். எர்னஸ்டீன் பட்டியலில் பதினோராவது பெயர். முதல் பத்தில் ஹார்லன், அவருடைய நண்பர்கள் நால்வர். வெண்டல், அவருடைய நண்பர்கள் நால்வர். எட்டு நண்பர்களும் தங்கள் நிமிடங்களைத் தங்கள் தலைவருக்குத் தாரை வார்த்தார்கள்.

இதில் விசேஷம், இருவருமே சாவடியை மூடக்கூடாது என்று சொல்ல வந்தவர்கள்.

"மிஸ் எர்னஸ்டீன் பக்கம்தான் நான்" என்று தொடங்கினார் ஹார்லன். "ஆனா இவங்க ஜனங்களுக்கு 1870-ல ஓட்டுரிமை குடுத்தது யாருன்னு பதிவாகணும்."

"குடுத்ததை எழுத்துப் பரீட்சை வெச்சுப் பிடுங்கினது இவரு கட்சி..." என்று ஹார்லனே தொடர, "அது அந்தக் காலத்து நாங்க. அறுபத்தி அஞ்சுல திருப்பிக் குடுத்ததும் நாங்கதானே" என்று வெண்டல் எழுந்தார்.

"அந்தக் காலத்து நீங்கன்னா யாரு, உங்க சித்தப்பாவா?"

"அந்தச் சித்தப்பா இப்போ உங்க கட்சியில இருக்காருய்யா."

அரை மணி முடிந்தபோது அவர்கள் 1972-க்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். எர்னஸ்டீன் இந்த வருஷத்தில், மடித்த காகிதத்துடன் உட்கார்ந்திருந்தார். "நேரம் முடிஞ்சுது" என்றார் வாரியத் தலைவர். வாரியத்தின் ஓட்டு மூன்றுக்கு இரண்டு. சாவடி மூடப்பட்டது.

வாசலில் இருவரும் ஓடிவந்து அவரை மறித்தார்கள். "உங்களுக்கு ஓட்டு வாங்கித் தந்தது யாருன்னு இப்பவாவது புரிஞ்சுதா, மிஸ் எர்னஸ்டீன்?"

"வாங்கித் தந்தீங்க, சரிப்பா. அதை இனிமே எங்கே போய்ப் போடறது?"

ஹார்லன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த சாவடியை முதல்ல தொறந்தது எந்த வருஷம்? அப்போ வாரியத்துல யாருக்கு மெஜாரிட்டி?" வெண்டல் பர்ஸை எடுத்தார். கிழவி நடக்கத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் தனி டம்ளர் நீட்டுகிறார்கள் என்று இதோ, இப்போது, உங்களிடம் ஒருவர் வந்து சொல்கிறார். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: உங்கள் நாக்கு நுனிக்கு முதலில் வந்து நிற்பது எந்த வருஷம்?