பத்தருக்குக் கொடுத்த கூட்டல் குறி

நான் யாருக்கும் வழி சொல்வதில்லை. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் வீதியில் யாராவது மறித்து சந்தை எந்தப் பக்கம் என்று கேட்டால், "நானும் இடத்துக்குப் புதுசு" என்று பொய் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். காரணம் அண்ணாவின் பொன்னுருக்கு.

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, சுபநேரத்தில், நகை செய்யும் பத்தர் உருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பத்து இருபதிலிருந்து பதினொரு மணி வரை. அதைத் தவறவிட்டால் அடுத்த நல்ல நாள் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது (அம்மா பஞ்சாங்கத்தை மூன்று தரம் புரட்டிப் பார்த்திருந்தார்). பத்தரை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது முறை. ஆகவே இரண்டு நாள் முன்னதாக நானும் மாமாவும் நகரின் மறுகோடியில் செட்டியார் தெருவிலுள்ள அவருடைய கடைக்குப் போனோம்.

வெற்றிலையைக் கொடுத்த கையோடு மாமா விலாசம் சொல்லத் தொடங்கினார். கோயிலைத் தாண்டி, சீலைக்கடைக்குப் பக்கத்து ஒழுங்கை, கடல் பக்கமாக இறங்கினால் இரண்டாவது மாடிக் கட்டடம், இல்லை மூன்றாவது... எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது. அப்போது நான் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். உலகத்தைத் திருத்தும் பொறுப்பை என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று நினைப்பு.

மாமாவை நிறுத்திவிட்டு விளக்கவுரை தொடங்கினேன். பூமியில் எந்த இடத்துக்கும் பத்து எழுத்தும் எண்ணும், இடையில் ஒரு கூட்டல் குறியுமாகச் சுருக்கக் குறியீடு உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதற்குள் அடக்கம். ஓட்டோக்காரரின் போனில் அதைத் தட்டினால் போதும், வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். பேசிக்கொண்டே என் போனில் வரைபடத்தைத் திறந்தேன், நீலப் புள்ளியை அமத்தினேன், வந்த குறியீட்டை ஒரு துண்டில் அழகாக எழுதிக் கொடுத்தேன். பத்தர் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

நீலப் புள்ளி என்பது போன் அந்த நிமிடத்தில் இருக்கும் இடம். அது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் நாலு பேருக்குப் படிப்பித்தும் இருக்கிறேன்.

பொன்னுருக்கு அன்றைக்கு ஒன்பதரைக்கு வரவேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கும் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டேன். "நான் வந்து பத்து நிமிசம் பிள்ளை, இருக்கிறன். ஆறுதலா வாங்கோ" என்றார். "பத்தர் வந்திட்டார்" என்று வீடு முழுக்க அறிவித்தேன். அண்ணா வேட்டியைச் சரிசெய்தார், அம்மா விளக்கைத் தூண்டினார். நான் லிஃப்டில் கீழே ஓடினேன். காவலாளி சிங்களத்தில், "கவுருத் ஆவே நே, மிஸ்" என்றார். ஒருவரும் வரவில்லையாம். பக்கத்துக் கட்டடங்களின் வாசல்களையும் பார்த்தேன். கடற்கரை வீதிவரை போய்த் தண்டவாளத்தைக்கூட எட்டிப் பார்த்தேன்.

மறுபடி எடுத்தேன். "ஐயா, எந்த இடத்தில நிக்கிறியள்?"

"என்ர கடையிலதான் பிள்ளை. கொட்டாஞ்சேனையில என்ர வீட்டு வாசல்ல ஓட்டோ பிடிச்சு நீங்க தந்ததைக் குடுத்தன். அவன் கொண்டுவந்து இஞ்ச விட்டான். கடையில வந்து இருக்கச் சொல்லி, கார் அனுப்பப் போறியளாக்கும் எண்டு நினைச்சன்."

அவரைப் பிழை சொல்ல முடியாது. பத்தரைக் கார் அனுப்பிக் கூட்டிவருவதும் முறைதான். வாய்விட்டுக் கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. விலாசம் பிழையென்றால் தெருப் பெயராவது காட்டிக்கொடுத்திருக்கும். இந்தப் பத்து எழுத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்?

"அங்கேயே இருங்கோ, நான் வாறன்" என்றேன். அம்மாவுக்குப் போனிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டு ஓட்டோவில் பாய்ந்தேன். காலி வீதி அன்றைக்கென்று அசையவில்லை. காலையிலிருந்து லொகேஷனைப் போட்டபடியே வைத்திருந்ததில் கொள்ளுப்பிட்டியில் போன் உயிரை விட்டது. அண்ணாவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று முடிவாயிற்று. பெண் வீட்டார் என்ன சொல்வார்கள்? அபசகுனம் என்பார்கள். பிற்காலத்தில் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தாலும் என் தலையில்தான் விழும். கோயில் ஒன்றும் தெரியாத இடத்திலும் கும்பிட்டேன்.

செட்டியார் தெருவில் இறங்கியபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம். கடை பூட்டியிருந்தது. என் குறியீடு காட்டிய அதே இடத்தில், ஒரு அடிகூடப் பிசகாமல் நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் இரக்கத்தோடு பார்த்தார். "பத்தர் அப்பவே கோட்டை ஸ்டேசனுக்குப் போயிட்டாருங்களே. ரயில்ல வரச்சொல்லி ஆரோ போன் பண்ணினாங்க" என்றார்.

அந்த 'ஆரோ' மாமா. அந்த வீட்டில் மூளை இருந்தது அவருக்கு மட்டும்தான். ஆனால் ரயில் நேரத்துக்கு வந்ததா, பொன் உருகியதா, ஒன்றும் தெரியாது. திரும்பி வந்த ஒரு மணி நேரமும் ஓட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். சாரதி ஏதோ மரணவீடு என்று நினைத்து றேடியோவை நிறுத்திவிட்டார்.

வீட்டில் எல்லோரும் பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். பத்தர் நடு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பத்து நாற்பதுக்கு வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கி, பூமாலைக் கடையில் பொன்னுருக்கு வீடு எதுவென்று கேட்டாராம். வாசலில் மாவிலை கட்டின வீடென்று கையைக் காட்டினார்களாம். பத்து ஐம்பத்திரண்டுக்குப் பொன் உருகிவிட்டது. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பத்தர் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"குறையில்லை பிள்ளை. இடத்தைச் சரியாத்தான் காட்டினது."

பொன்னுருக்கில், உருக்கவேண்டிய பொன் நாணயம் வைத்த தட்டை ஏந்தி நிற்க வேண்டியவள் நான். கல்யாண அல்பத்தில் அந்தத் தட்டோடு பக்கத்து வீட்டு அன்ரி நிற்கிறார். நான் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது, அம்மா அந்தத் துண்டை அங்கே ஒட்டிவிட்டார். என்னை மாமி என்று கூப்பிடும் அண்ணாவின் மகள் இப்போது வாசிக்கப் பழகுகிறாள். வீட்டுக்கு வருபவர்களுக்கு அல்பத்தை அவள்தான் காட்டுவாள். "இது அப்பா, இது மாமா தாத்தா" என்று விரலை நகர்த்தி வந்து, அந்தக் கூட்டல் குறியில் நிறுத்துவாள்.

"இது என்ர மாமி."